பரட்டை என்பது யார் வைத்த பேர்?

கச்சிராயபாளையத்தில் எங்கள் காலனி. அக்கா வீட்டு வாசல். பொழுது சாய்ந்து கல்வராயன் மலை கருத்துக்கொண்டு வருகிற நேரம். கரும்புக் கொல்லையில் தோகை உரித்துவிட்டு வந்த அக்கா கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். தோகை கிழித்த கோடுகள் இரண்டு கையிலும் இருந்தன. அவள் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டாள். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம். அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா. ஒத்திகைக்குப் போய்விட்டுக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் வந்து இறங்கியவள் முகம் சரியில்லை.

“என்னாடி பாப்பா, மூஞ்சி இப்பிடி இருக்கு?”

“ஒண்ணுமில்ல சித்தி.”

ரெண்டு தரம் கேட்டேன். மூணாவது தரம் உடைந்துவிட்டாள். “மேடைக்கு வர்றப்ப தலைய ஒழுங்கு பண்ணிக்கிட்டு வா, இப்பிடிப் பரட்டையா வந்து நிக்காத, போட்டோ எடுப்பாங்கன்னு ஒரு மேடம் சொன்னாங்க சித்தி. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “கள்ளக்குறிச்சியில ஒரு பார்லர்ல கேட்டுட்டு வந்தேன். நேராக்கி வுட நாலாயிரத்து ஐநூறாம்.”

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எத்தனை நாள் கூலி அது என்று எனக்குத் தெரியும். எட்டி அந்தப் பையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் பிடுங்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழர்கள் சிரிப்பார்கள். வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தவர்கள் இருக்கிற நாட்டில், காதலித்ததற்காக நம் பிள்ளைகளை வெட்டிப் போடுகிற நாட்டில், மயிருக்கு ஒரு கட்டுரையா என்பார்கள். ‘போடா மயிரே’ என்று திட்டுவதற்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம் அல்லவா, அதனால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் வள்ளுவர் ‘மானம்’ என்று ஒரு அதிகாரம் எழுதினாரே, அதில் இரண்டு குறளில் மயிரைத்தான் உவமையாக எடுத்தார். மானத்துக்கும் மயிருக்கும் என்ன உறவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, நம்மை ஒடுக்கியவனுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பின்னாளில் சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் அதை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. இவற்றோடு சேர்த்து இரண்டு: ஆதிதிராவிட ஆண் தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது, ஆதிதிராவிடப் பெண் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருசம் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பள்ளிக்கூடத்தைத் தடுப்பதற்கு ஆறு மாசம் முன்பே தலைமுடியைத் தடுத்துவிட்டான். கிராப்பு வெட்டிய தலையும் பூ வைத்த தலையும் தனக்கு முன்னால் குனியாது என்று அவனுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் என் அக்கா மகள் பட்டம் வாங்கப் போகிறாள். மேடைப் படியில் கால் வைக்கிற நேரத்தில் அதே பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்து, ‘ஒழுங்கு’ என்று புதுப் பேர் வைத்து நீட்டுகிறார்கள்.

சொன்னவருக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரிந்திருக்காது. நல்லெண்ணத்தில்தான் சொன்னேன் என்றுகூடச் சொல்வார். இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு தனிக் குவளையில் டீ ஊற்றிக் கொடுத்தவர்களையும் நாம் பார்த்தவர்கள்தானே.

குவளை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ராத்திரி பாப்பா சொன்னாள்: “என் கிளாஸ்ல ஊர்த்தெருப் பொண்ணு ஒருத்தி இருக்கா சித்தி. அவளுக்கும் சுருட்ட முடிதான். ‘சுருள் சுருளா எவ்ளோ அழகா இருக்குடீ, எங்க பண்ணினே’ன்னு எல்லாரும் கேப்பாங்க. அவ தலையும் எந்தலையும் ஒண்ணுதான்.”

இதுதான் விசயம். ஒரே முடி. அவள் தலையில் இருந்தால் சுருள். நம் தலையில் இருந்தால் பரட்டை. டீக்கடை பெஞ்சிலிருந்து எடுத்த இரட்டைக் குவளையை இன்றைக்கு நாக்கில் வைத்திருக்கிறார்கள். டீ ஒன்றுதான், குவளைதான் வேறு. முடி ஒன்றுதான், சொல்தான் வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுருட்டை முடி நம்ம ‘ரத்தத்து’ அடையாளம், நேர்முடி அவன் ரத்தத்து அடையாளம் என்று நம்மில் சிலர் வீரமாகப் பேசுவதுண்டு. அந்த வலையில் விழாதீர்கள். அது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், முடி எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1909-இல் ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. இந்த மூக்களவு வியாபாரத்துக்குப் பதில் சொன்னவர் அம்பேத்கர். தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து 1948-இல் அவர் எழுதிய நூலில், அவர்கள் எடுத்த அதே மூக்களவு எண்களை வைத்தே, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் இல்லை என்று காட்டினார். என் அக்காவுக்கு மூணு பிள்ளைகள். மூத்தவனுக்கு முள்ளு மாதிரி நேர்முடி. நடுவுள்ளவளுக்குச் சுருட்டை. சின்னவளுக்கு ரெண்டும் கெட்டான். ஒரே வயிறு. முடி சாதி பார்த்து முளைப்பதில்லை. முளைத்த பிறகு அதற்குப் பேர் வைக்கிறவன்தான் சாதி பார்க்கிறான்.

சரி, அந்தப் ‘பரட்டை’ எப்படி உண்டாகிறது? இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடி முளைக்கிற குழி வட்டமாக, நேராக இருந்தால் முடி நேராக வரும். குழி நீள்வட்டமாக, வளைந்து இருந்தால் முடி சுருண்டு வரும். அவ்வளவுதான் சங்கதி. மண்டைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரைக்கும் இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தங்கித் தங்கி, நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் நுனி காய்ந்து கிடக்கும். சுருட்டை முடிக்கு வேண்டியது தண்ணீரும் எண்ணெயும். அது தானாகவே நாலு முடி பத்து முடி சேர்ந்து ஒரு கற்றையாகச் சுருண்டுகொள்ளும். அப்படி விட்டால் அது சுருள். காய்ந்த தலையில் நெருக்கமான பல்லுள்ள சீப்பை விட்டு உச்சியிலிருந்து இழுத்தால் அந்தக் கற்றைகள் எல்லாம் பிரிந்து, உடைந்து, ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு திசையில் நிற்கும். அதற்குப் பேர் பரட்டை.

ஆக, பரட்டை என்று ஒரு முடி கிடையாது. நேர்முடிக்காரன் தனக்குச் செய்துகொண்ட சீப்பை எடுத்துச் சுருட்டை முடியைக் காயவைத்துச் சீவினால் வருகிற கோலம் அது. சீப்பு அவனுடையது. சீவச் சொன்ன சட்டமும் அவனுடையது. “நல்லாப் படிய வாரிக்கிட்டு வா” என்று முதல் வகுப்பிலிருந்து நமக்குச் சொன்னார்கள். வாரினோம். வாரியதால் பரட்டையானது. பரட்டை என்று திட்டினார்கள். மறுபடியும் வாரினோம்.

‘தகுதி, தரம்’ என்று இன்றைக்கும் நம்மிடம் பேசுகிறார்களே, அதுவும் இந்தச் சீப்புதான். தனக்குத் தோதாக ஒரு அளவுகோல் செய்வது. அதால் நம்மை இழுப்பது. நாம் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, ‘பாத்தியா, உன்கிட்டதான் கோளாறு’ என்பது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பரட்டையாக இருந்தால் காட்டான் என்பான். சீவிச் சிங்காரித்துக்கொண்டு போனால் மினுக்கி என்பான். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் கொளுத்தப்பட்டபோது நாம் கேட்ட பேச்சு என்ன? நம் பையன்கள் ஜீன்ஸ் பேண்டும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பதுதானே குற்றப்பத்திரிகை! அழுக்காக இருந்தாலும் குற்றம், அழகாக இருந்தாலும் குற்றம். ஆகவே அவனுக்குப் பிடிக்கிற மாதிரி நம் தலையை மாற்றிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பது வெறும் கனவு. நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு அந்தக் கனவுகூட ஆறு மாசம்தான் வரும். அப்புறம் வேரிலிருந்து பழையபடி சுருட்டைதான் முளைக்கும். மருந்து பூசி நேராக்கியது ஏற்கெனவே வெளியே வந்த முடியைத்தான். உள்ளே இருக்கிற குழி அப்படியேதான் இருக்கிறது.

மருந்து என்று மரியாதையாகச் சொல்கிறேன். முடிக்குள் அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கிற கந்தகப் பிணைப்புகளை ரசாயனம் போட்டு உடைத்து, சூட்டுக் கம்பியால் இழுத்து, இன்னொரு ரசாயனம் போட்டு நேர்கோட்டில் மறுபடி ஒட்டவைப்பதுதான் அந்த வித்தை. கெரட்டின் என்று சொல்லிப் பூசுகிற பலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு ஆவி வருகிறது. பிணம் கெடாமல் வைக்கப் பயன்படுகிற அதே சரக்கு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி வைத்திருப்பது. 2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 33,497 பெண்களை ஏறத்தாழ பதினொரு வருசம் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடி நேராக்கும் சரக்கைத் தொடாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 1.64. அடிக்கடி உபயோகித்தவர்களுக்கு 4.05. இந்தச் சரக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் நேராக்கும் சரக்கை உபயோகித்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். இங்கே அந்த ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு நிற்கிற பார்லர் வேலைக்காரி யார்? அவளும் ஏதோ ஒரு காலனியிலிருந்து, ஏதோ ஒரு சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்தான்.

கறுப்பின மக்களுக்கு இந்தச் சங்கதி நமக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். 1965-இல் வந்த புத்தகம். பாஸ்டன் நகரத்தில் பையனாக இருந்தபோது, காஸ்டிக் சோடா கலந்த கலவையைத் தலையில் பூசி, மண்டை எரிய எரியத் தாங்கிக்கொண்டு, முடியை நேராக்கிக் கண்ணாடியில் பார்த்துச் சந்தோசப்பட்டாராம். தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொண்ட முதல் பெரிய காரியம் அதுதான் என்று பின்னால் உணர்ந்தார். 1966-இல் ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைகள் கிளம்பினார்கள். அந்தத் தலைமுறை முடியை நேராக்குவதை நிறுத்தி, முளைத்தபடியே வட்டமாக வளரவிட்டுத் தெருவில் நடந்தது. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அவர்களிடமிருந்துதான் பேரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பேரை எடுத்துக்கொண்டோம். தலையை எடுத்துக்கொண்டோமா?

தென்னாப்பிரிக்காவில் 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், தங்கள் முடி ‘ஒழுங்காக’ இல்லை என்று சொன்ன விதியை எதிர்த்துக் கறுப்பினச் சிறுமிகள் போராடினார்கள். பதிமூணு வயசுப் பிள்ளைகள்! அரசு இறங்கி வந்து அந்த விதியை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் ஒரு சட்டமே போட்டது. முடியின் தன்மையை, பின்னலை, சடையைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டினால் அது இனப் பாகுபாடுதான் என்றது அந்தச் சட்டம்.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955-ஆம் வருசத் தீண்டாமைக் குற்றச் சட்டம், இன்றைக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, ‘கடை’ என்பதற்கு விளக்கம் சொல்லும்போது முடிதிருத்தும் நிலையத்தையும் சேர்த்துச் சொல்கிறது. சலூனில் நமக்கு முடி வெட்ட மாட்டேன் என்றால் குற்றம். 1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பலவந்தமாகத் தலையை மொட்டையடிப்பதும் மீசையை எடுப்பதும் வன்கொடுமை என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. முடி சில்லறை விசயம் என்றால் இந்திய அரசாங்கம் எதற்கு அதைச் சட்டத்தில் எழுத வேண்டும்? ஆனால் ‘பரட்டையா வராதே’ என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அதை நாம்தான் தடுக்க வேண்டும்.

இப்போது நம்மாட்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அம்பேத்கரே கோட்டு சூட்டு போட்டவர்தானே? 1927 டிசம்பரில் மகத்தில் பெண்களைப் பார்த்து, சேலை கட்டுகிற விதத்தை மாற்றுங்கள், கனத்த நகைகளைக் கழற்றிப் போடுங்கள் என்று சொன்னவர்தானே? ஆள் பாதி ஆடை பாதி என்பார்களே. அப்படியிருக்க முடியை மாற்றிக்கொண்டால் என்ன தப்பு?

அவர் எதை மாற்றச் சொன்னார் என்று பாருங்கள். முழங்காலுக்கு மேலே சேலை கட்டு என்பதும், இந்த நகையைத்தான் போடு என்பதும் சாதி நம் மேல் கட்டிவிட்ட மணி. தூரத்தில் வரும்போதே இவள் தீண்டத்தகாதவள் என்று தெரிந்துகொள்ள அவன் வைத்த அடையாளம். அந்த மணியை அறுத்தெறி என்றார். முடியை யாரும் கட்டிவிடவில்லை. அது நம் உடம்பில் முளைத்தது. அவன் மாட்டியதைக் கழற்றுவது விடுதலை. நம் உடம்பிலிருப்பதை அவனுக்காகப் பொசுக்கிக்கொள்வது எப்படி விடுதலையாகும்? பாபாசாகேப் சுத்தமாக இரு, நிமிர்ந்து நில், மரியாதையாக உடுத்து என்றார். சுத்தத்துக்கும் நேர்முடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர் 1956-இல் எந்தப் புத்தரிடம் போய்ச் சேர்ந்தார்? இங்கிருந்து ஆத்தூர்ப் பக்கம் போனால் தியாகனூர் இருக்கிறது. அங்கே வயல்காட்டு ஊரில் பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிடைத்த புத்தர் சிலைகளின் தலையைப் பாருங்கள். நத்தை சுருண்ட மாதிரி வரிசை வரிசையாகச் சுருள் முடி. ஆயிரம் வருசமாக ஜனங்கள் கும்பிட்ட தலை அது. யாராவது அவரைப் பார்த்துப் ‘பரட்டை’ என்று சொன்னார்களா? பழைய தமிழ்ப் பாட்டுக்காரர்களும் பெண்ணின் கூந்தலுக்கு ஆற்றில் அலையலையாய்ப் படிந்த கருமணலைத்தான் உவமை சொன்னார்கள். அறல் என்று பேர். கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்றார்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்குப் பேரே ‘சுருள்’. நான் சங்கப் பாட்டிடம் சான்றிதழ் வாங்கவில்லை, நமக்கு அது தேவையும் இல்லை. பண்பாடு பண்பாடு என்று பேசுகிறவர்கள் தங்கள் புத்தகத்தையே ஒழுங்காகப் படிக்கவில்லை என்று காட்டத்தான் சொல்கிறேன்.

நாமும் யோக்கியமில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். தை மாசம் ஒரு தோழர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஐயர் இல்லை, தாலி இல்லை, மேடையில் அம்பேத்கர் படம், பெரியார் படம். பேசியவர்கள் எல்லாம் பார்ப்பனியத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மணப்பெண்ணைப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை, புதர் மாதிரி அடர்ந்த சுருட்டை. அன்றைக்குச் சுட்டு இழுத்து, தகடு மாதிரி ஆக்கி, இடுப்புவரை சவுரி வைத்துப் பின்னியிருந்தார்கள். மேடையில் சுயமரியாதை, தலையில் அடிமை முறிச்சீட்டு. நம் வீட்டுக் குழந்தைகளைப் ‘பரட்டச்சி’, ‘பரட்டத்தலையா’ என்று முதலில் கூப்பிடுவது யார்? நாம்தானே! பெண் பார்க்கப் போகும்போது ‘நெறம் கம்மி, முடியும் சுருட்டை’ என்று உதட்டைப் பிதுக்குவது யார்? ஊர்க்காரனா வந்து சொல்கிறான்? ஊர் சலூன் நம்மைச் சேர்க்காத காலத்தில் துணி வெளுத்ததோடு பல ஊர்களில் நமக்கு முடியும் வெட்டிவிட்ட புதிரை வண்ணாரை நாம் எங்கே நிற்க வைத்தோம் என்பதையும் யோசித்தால், வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிய வேண்டியதுதான். ஒரு குவளையை எதிர்க்கிறவன் தன் வீட்டில் இன்னொரு குவளை வைத்திருக்கக் கூடாது.

சரி, பார்லர் வேண்டாம் என்றால் பிள்ளை எப்படித்தான் மேடை ஏறுவாள்? ‘இயற்கையா இரு’ என்று பிரசங்கம் பண்ணிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. விழா என்றால் விழா மாதிரித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒத்திகை பார்த்தோம். செய்ததை அப்படியே சொல்கிறேன். விடுதியில் இருக்கிற தங்கைகளுக்கு உதவும்.

முதல் நாள் ராத்திரி தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி உச்சியில் கொஞ்சம், நுனியில் நிறையத் தடவினோம். நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்வோம். காலையில் சீயக்காய் போட்டு அலசியாயிற்று. ஈரத் தலையிலேயே சிக்கெடுக்க வேண்டும், காயவிடக் கூடாது. விரலால் பிரித்துவிட்டு, அகலப் பல் மரச்சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போனோம். அக்கா வழக்கம்போல உச்சியிலிருந்து இழுக்க வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். வீட்டுப் பின்னால் செம்பருத்தி நிற்கிறது. பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால் கொழகொழவென்று வரும். துணியில் வடிகட்டி, ஈர முடியில் தடவி, ஒவ்வொரு கற்றையாகக் கையில் அள்ளி, கீழிருந்து மேலாகக் கசக்கிக் கசக்கி விட்டோம். செம்பருத்தி இல்லாதவர்கள் ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடிகட்டினாலும் அதே கொழகொழப்புதான். துண்டால் பரபரவென்று துவட்டக் கூடாது. பழைய பருத்தி வேட்டியால் ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுத்தோம். பிறகு நிழலில் உட்கார வைத்து, காய்கிறவரைக்கும் தலையைத் தொடாதே என்று காவல் இருந்தேன். முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். அதுதான் ரகசியம். ஒரு பைசா செலவில்லை.

காய்ந்த பிறகு பார்த்தால் கருஞ்சுருள், கொத்துக் கொத்தாக. சீப்பைப் பக்கத்தில் கொண்டுவரவில்லை. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போடுவார்களாம். உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி உட்காராது. அதனால் பிடரியில் தாழ்வாகக் கொண்டை முடிந்து, முன்பக்கம் ரெண்டு சுருளைத் தானாக விழ விட்டோம். நெற்றி ஓரத்தில் பறக்கிற குஞ்சு முடிக்குக் கற்றாழைச் சோற்றில் துளி. கொண்டையைச் சுற்றிக் கனகாம்பரம். பூ வைக்கக் கூடாது என்றானே, 1930-இல், அந்தப் பூ.

அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “எங்க ஆயாவுக்கு இப்பிடித்தான் இருக்கும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுருக்குப்பையை நான் திருப்பிக் கொடுத்தேன். பழையபடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

பாப்பாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. மறைக்க விரும்பவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “சித்தி, அந்த மேடம் எல்லாரு முன்னாடியும் மறுபடி எதுனா சொல்லிட்டா?” என்று கேட்டாள். உன் தலை, நீதான் முடிவு பண்ண வேண்டும், பணம் கட்டி நேராக்கிக்கொண்டு போனாலும் நீ என் அக்கா மகள்தான் என்றேன். ராத்திரி பூராவும் யோசித்திருக்கிறாள். விடிந்ததும், “செம்பருத்தி எலய யாரும் பறிச்சிடாம பாத்துக்க சித்தி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோழர்களே, மாணவத் தம்பி தங்கைகளே! நேர்காணலுக்குப் போகிறவர்களும் மேடை ஏறுகிறவர்களும் மணமேடையில் உட்காருகிறவர்களும் உங்கள் தலையோடு போங்கள். எண்ணெய் வையுங்கள், சிக்கெடுங்கள், பூ வையுங்கள், மிடுக்காகப் போங்கள். யாராவது ‘ஒழுங்கா வா’ என்றால், எது ஒழுங்கு, யார் வைத்த ஒழுங்கு என்று நிதானமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகக் கேளுங்கள். நம் வீட்டில் ‘பரட்டை’ என்ற சொல்லை இன்றையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. பெற்றவர்கள் வரிசையில் அக்காவோடு நானும் உட்கார்ந்திருப்பேன். போட்டோ வந்ததும் அக்கா வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவோம். அன்றைக்கு எவராவது எங்கள் பிள்ளை தலையைப் பற்றி ஒரு சொல் சொன்னால், எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு, அடுத்த இதழில் மீதியை எழுதுகிறேன்.